ஊர்சுற்றியின் வெள்ளிக்கிழமைகள்

மார்ச் 6, வியாழன்

இந்த வாரப் பக்கத்தை முடித்து அனுப்பியாகிவிட்டது. 'சனி ஞாயிறு எங்கே போகலாம்?' எழுதுபவர்: ஊர்சுற்றி. ஆற்றோரம் புதிதாகத் திறந்த ரொட்டிக் கடை, மொட்டை மாடி நூடுல்ஸ் கடை, வாடகை சைக்கிள் கிடைக்கும் பூங்கா. 'கடித்தால் ரொட்டியின் மேல் ஓடு நொறுங்குகிற சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்கிறது' என்று எழுதியபோது, என் வாயில் இருந்தது நமுத்துப்போன பிஸ்கட்.

ஆசிரியர் போன் செய்தார். "படிக்கும்போதே பசிக்குதுய்யா." எனக்கும்தான்.

மனைவி கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "நாளைக்கு எந்தக் கச்சேரி?"

"புதுசா ஒரு குழு. ஈரத் தீக்குச்சிகள்னு பேரு."

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்."

"பத்திரிகை பாஸ். ஒருத்தருக்குத்தான்."

ஆறு வருடமாக இதே பதில்தான். பாஸில் 'இருவருக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டு சீட்டாகவே கொடுப்பார்கள். அதனால் வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வழக்கம்போல ஆறு மணிக்குச் சலவைக் கடை. காசு போட்டால் தானே துவைக்கும் எட்டு இயந்திரங்கள், ஒரு பெஞ்சு, கல்லாவில் ஓர் அம்மா. என் மூன்று சட்டைகளையும் நான்காம் நம்பர் இயந்திரத்தில் போட்டேன்.

இங்கே வந்து சேர்ந்த கதையை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இன்று எழுதினால் என்ன? ஆறு வருடத்துக்கு முன்னால் எதிர்க் கட்டடத்தின் நிலவறையில் ஒரு கச்சேரி. நானூறு பேர், ஒரே வாசல். மூன்றாவது பாட்டில் எனக்கு மூச்சு முட்டியது. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். திறந்திருந்த ஒரே கதவு இது. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கச்சேரி வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து எட்டு வரி எழுதி அனுப்பினேன். 'இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் உசத்தி' என்றார் ஆசிரியர். அப்புறம் எதற்கு உள்ளே போக வேண்டும்?

இன்றும் கச்சேரி தொடங்குவதற்கு முன்பே, ஆறே முக்காலுக்கு, எட்டு வரியும் போய்விட்டது. 'மேளம் விலா எலும்பில் அதிர்ந்தது. கடைசிப் பாட்டுக்கு அரங்கமே எழுந்து நின்றது.' நன்றாகத்தான் வந்திருக்கிறது. பத்து வரை குறுக்கெழுத்து. வீட்டுக்கு வந்தபோது அவள் முன்பே படுத்துவிட்டிருந்தாள். தலைவலி என்றாள்.

மார்ச் 8, சனி

கதை கந்தல்.

காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காப்பி குடித்தாள். என் எட்டு வரியை விரலால் தடவித் தடவிப் படித்தாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்.

"நேத்து நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?"

"நடுவுல. ஏன்?"

"நான் இடது பக்கம். கடையில கூட வேலை செய்யறவ ஒரு டிக்கெட் குடுத்தா. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வந்தேன். ஒவ்வொரு வரிசையா தேடினேன்."

நான் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினேன்.

"மைக் வேலை செய்யலை. ஒண்ணரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் அந்தப் பொண்ணுங்க மைக் இல்லாமலே ஒரே ஒரு பாட்டு பாடினாங்க. பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மேளமே வாசிக்கலை." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷமா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தா உங்க மேல சோப்பு வாசனை. நான்தான் முட்டாள், கேட்கலை. யாரு அவ?"

மார்ச் 9, ஞாயிறு

"யாருமில்லை" என்று இதுவரை பதினொரு தடவை சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைகிறது.

மார்ச் 11, செவ்வாய்

மச்சான் வந்திருந்தான். அக்காவுக்காகப் பஞ்சாயத்து. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, என்கிட்ட மறைக்காதீங்க. எத்தனை வருஷமா?"

"ஆறு."

"யாரு?"

"யாருமில்லைடா. சலவைக் கடை. பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்."

அவன் முகத்தில் முதலில் இருந்த கோபம் போய், கொஞ்சம் மரியாதை வந்து, கடைசியில் அதுவும் போனது. "ச்சே, அவ்வளவுதானா?" என்றான். இந்த வீட்டில் நான் இவ்வளவு மட்டமாக என்றுமே உணர்ந்ததில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் குறைந்தது ஆள் என்றாவது மதித்திருப்பான்.

மார்ச் 14, வெள்ளி

அவளைச் சலவைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், நான் இட்டுச்சென்ற ஒரே இடம் என்று அவள் சொல்லிக்கொள்ள இப்போது ஒன்று இருக்கிறது.

கல்லா அம்மா சாட்சி சொன்னாள். "இவரா? வெள்ளிக்கிழமை ஆறு அடிச்சா வந்துடுவாரும்மா. அதே மூணு சட்டை. அழுக்கே இருக்காது, இருந்தாலும் போடுவாரு."

வழக்கு முடிந்தது, விடுதலை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"யாரும் கூட வந்ததில்லை. பாவம், தனிக்கட்டைன்னு நினைச்சேன்."

மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். சட்டைகள் சுற்றுவதை வெகுநேரம் பார்த்தாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வேற ஒருத்தி இருந்தா சண்டை போடலாம்" என்றாள். "இதுக்கு யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது? வெள்ளிக்கிழமை ஆனா, 'அவருக்கு வேலை, பாவம் அலையறாரு'ன்னு நான் தனியா சாப்பிட்டுட்டுப் படுப்பேன். நீங்க சும்மா உட்கார்ந்திருக்கீங்க. என்னை விட்டுட்டு, சும்மா."

கூட்டம் என்றால் பயம் என்றேன். அதை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் பாஸ் விஷயத்தில் பொய் சொன்னேன் என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

"பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணவகிட்ட சொல்ல முடியாத பயமா?"

பஸ்ஸில் அவள் மகளிர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்தில் இடம் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம் என்று போனால், ஈரத் தீக்குச்சிகளே போன் செய்து நன்றி சொன்னார்களாம். 'எங்களைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா எழுதினதில்லை.' அன்று அரங்கில் இருந்த முந்நூறு பேரில், எழுதியது பொய் என்று கடிதம் போட்டவர்கள் இருவர்தான்.

ஆனாலும் மனுஷன் விஷயம் புரிந்தவர். "இனிமே போற இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புய்யா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 3, வியாழன்

பகலில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு வாரமாக உண்மையாகவே போகிறேன். உண்மையாகவே எழுதுகிறேன். 'சூப் சுமார். நாற்காலி ஆடியது.' வாசகர் கடிதங்கள் வந்திருக்கின்றன. 'முன்பெல்லாம் ஊர்சுற்றியைப் படித்தால் நேரில் போன மாதிரி இருக்கும். இப்போது என்ன ஆயிற்று?'

வீட்டில் இன்னும் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமானால் நானே எழுந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

அவள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். என் பழைய பக்கங்களை வெட்டி ஒட்டிவைத்த கோப்பு அலமாரியில் இல்லை. அது அவள் பையில் போகிறது என்று தடிமனைப் பார்த்தே தெரிந்தது. எங்கே என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா? கேட்கவில்லை.

மாலை வந்தவள் முகத்தில் வெயில் பட்ட சிவப்பு. குதிகாலில் கொப்புளம். தனக்குள்ளேயே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மருந்து போட்டாள். எனக்குத் தெரியாத பாட்டு. புதுப் பாட்டு பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் போனாள்.

ஏப்ரல் 17, வியாழன்

அவள் குளிக்கும்போது கோப்பைத் திறந்தேன். திருட்டு முழியோடுதான். என் பக்கங்கள் பலவற்றின் ஓரத்தில் கண்ணாடிக் கடையின் ரசீதுக் காகிதத்தைத் திருப்பி, அதன் பின்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். ரொட்டிக் கடைக்கு: 'சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்காது, ஏன்னா மேசையே இல்லை. நின்னுக்கிட்டே சாப்பிடணும். ஆனா சூடா இருக்கும்போது, மழையும் வந்துட்டா, நகரவே மனசு வராது.' நூடுல்ஸ் கடைக்கு: 'ஆறு தெரியும்னு எழுதியிருக்கார். தெரியறது துணி காயுற கொடிங்க. அதுவும் அழகாத்தான் இருக்கு.'

நாலைந்துதான் படித்தேன். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. என்னால் ஒரு நாளும் இப்படி எழுத முடியாது என்று தெரிந்தபோது பொறாமையாக இருந்தது. நிஜமாகவே.

சாப்பிடும்போது கேட்டேன். "ஆசிரியர்கிட்ட இதைக் காட்டட்டுமா? உன் எழுத்துன்னு சொல்லித்தான்."

"திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பரவாயில்லை, இதையாவது உடனே ஒத்துக்கிட்டீங்க." உப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

ஏப்ரல் 26, சனி

பக்கம் அவளுடையது. 'எழுதுபவர்: ஊர்சுற்றி' என்பதே இருக்கட்டும் என்றாள். "பேர் நல்ல பேர்தான். ஆள்தான் சரியில்லை."

எனக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கும் வேலை. ஆசிரியர் ஆறுதலாகச் சொன்னார், "அதுல உனக்கு அனுபவம் இருக்காமே."

மே 9, வெள்ளி

மணி ஐந்து. இன்று ஈரத் தீக்குச்சிகள், பழைய படகுத்துறைக் கொட்டகையில், ஏழு மணிக்கு. அவள் நீலப் புடவையில் கிளம்பினாள். வாசலில் நின்று, என்னைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்.

"பத்திரிகை பாஸ். ஒருத்தருக்குத்தானாம்."

சரி, போய்ட்டு வா என்றேன். வேறென்ன சொல்வது? கொடுத்ததுதானே திரும்பி வருகிறது.

கதவைச் சாத்திவிட்டு வந்தால், சாப்பாட்டு மேசையில் கோப்பு இருக்கிறது. எங்கே போனாலும் பையில் தூக்கிப் போகிறவள். நடுவில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். இன்றைய பாஸின் இரண்டாவது சீட்டு.

அது செருகியிருந்த பக்கத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய என் எழுத்து: 'படகுத்துறைக் கொட்டகை, பேருந்து நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம்.' எந்த நிறுத்தம்? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஊருக்கே வழி சொன்னவன்.

ஓரத்தில் அவளுடைய ரசீதுக் காகிதம்.

'பொய். முக்கால் மணி நேரம் நடந்தேன். பதினாலாம் நம்பர்ல ஏறி கடைசி ஸ்டாப்ல இறங்கணும். உள்ளே நெருக்கடிதான். ஆனா இடது பக்கம், ஆத்தைப் பார்த்த கதவை மூடறதே இல்லை. அதை ஒட்டி நின்னா காத்து வரும், எப்ப வேணாலும் வெளியே போயிடலாம். கூட்டம்னா பயப்படறவங்களுக்கு அந்த இடம்.'

கீழே தேதி போட்டிருக்கிறாள். ஏப்ரல் 6. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த வாரம்.

சட்டை தேட வேண்டும். துவைத்துத் துவைத்து வெளுக்காதது ஒன்றாவது இருக்கும்.