ஜெனிக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னேன்

ஜூலை 5, சனி

சிவகிரியிலிருந்து அண்ணன் வீட்டார் வந்து, சாரல் நல்லா விழுது, ஐந்தருவிக்கு வா என்று இழுத்தார்கள். என் மூத்த மகள் ஜெனி போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, எனக்கு என்ன குளியல். சின்னவள் கெசியாவின் முகத்துக்காகப் போனேன்.

குளித்து வந்தவளைத் துவட்டக் கையைத் தூக்கினேன். அக்குளில் முடி. நாலைந்துதான், கறுப்பாக. பிள்ளைக்கு ஏழு வயசு.

மதினி, "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றாள். குளுருது என்றேன்.

ஜெனிக்கும் இப்படித்தான் வந்தது. இரண்டாம் வகுப்பில்.

ஜூலை 7, திங்கள்

ஒரு கட்டுகூடப் பீடி சுற்றவில்லை. இலையை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

ஜூலை 9, புதன்

எழுதி வை, நெஞ்சு லேசாகும் என்று போதகர் சொன்னதால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. லேசாகவும் இல்லை.

அன்றைக்கு ஜெனிக்கு முடி வந்ததும், வேர்வை பெரிய பொம்பளைக்கு மாதிரி நாறியதும், சீக்கிரம் வயசுக்கு வரப் போகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் காட்டவில்லை. இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று தினமும் காலையில் உளுந்தங்களி. கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பதினாறு நாள் கொடுப்பார்கள். நான் அவள் வயசுக்கு வருவதற்கு முன்னாலேயே நாலு வருஷம் கொடுத்தேன். வேண்டாம்மா, குமட்டுது என்பாள். வாயைத் தொறட்டி என்பேன்.

பதினொன்றில் ஆளானாள். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நாலு மாதத்துக்கு ஒரு தடவை. உடம்பு பூசியது, எல்லோரும் லட்சணம் என்றார்கள். கழுத்தைச் சுற்றிக் கறுத்தது. அழுக்கு என்று தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் உரிந்து அழுதாள்.

அது அழுக்கே இல்லையாமே. சுகர் வருவதற்கு அடையாளமாம், பின்னால் ஒரு நர்ஸ் சொன்னாள். யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியல.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜெனிக்கு இருபத்தொன்றில் சுகர் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் வீரகேரளம்புதூரிலிருந்து ஜெஸ்வின் வீட்டார் பெண் கேட்டார்கள். நல்ல பையன். நான் ஜெனியிடம் சொன்னது: "அங்கன யார்ட்டயும் சொல்லாத. ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்."

மாத்திரையை ஒளித்து ஒளித்துத் தின்றிருக்கிறாள். நாத்தனார் பக்கத்தில் நின்றால் தின்னாமல் விட்டிருக்கிறாள். பிப்ரவரியில் காய்ச்சல், வாந்தி, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சுகர் ஐந்நூறுக்கு மேல். இரண்டாம் நாள் முடிந்துபோனது.

ஜெஸ்வின் வீட்டார் திடீரென்று வந்த சுகர் என்று அழுதார்கள். நான் தலையாட்டினேன். ஊருக்கும் கெசியாவுக்கும் காய்ச்சல் என்று சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

கெசியாவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். புனலூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். "பிள்ளைய டாக்டர்ட்ட காட்டு. பெரியவ கதைய அங்கன அவுக்காத. இவளையும் ஒருத்தன் கட்டணும்லா" என்றார்.

நான் எப்போதோ சொன்ன மாதிரியே இருந்தது.

ஜூலை 21, திங்கள்

தென்காசியில் ஆஸ்பத்திரி. பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா. கெசியாவின் உயரம், எடை எல்லாம் பார்த்தார். கையில் ஒரு எக்ஸ்ரே, ரத்தம்.

சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது எட்டு வயசுக்கு முன்னாலேயே முழித்துக்கொண்டதாம், முடி அதனால்தானாம். "மார்பு வளரல, எலும்பு வளர்ச்சியும் வயச மிஞ்சி ரொம்ப ஓடல. இதுவே ஒரு நோய் இல்லம்மா. இன்னும் வயசுக்கு வரவும் போறதில்ல. ஆனா இப்படி வர்ற பிள்ளைகள்ல சிலருக்குப் பெரிசானப்புறம் பீரியட்ஸ் தவறும், எடை ஏறும், சுகரும் வரலாம். எல்லாருக்கும் வராது. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதும்" என்றார்.

பிறகு, "வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே சுகர் உண்டா?"

பக்கத்தில் நின்று சீட்டு எழுதின பெண் ஜெஸ்வின் தெருக்காரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இல்லை என்றேன்.

களி கொடுத்ததாலா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால், யாருக்குக் கொடுத்தீங்க என்பார்.

ஜூலை 22, செவ்வாய்

பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஜெனியின் சுகரைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அந்தச் சீட்டு எழுதும் பெண் வழியாக ஜெஸ்வின் காதுக்குப் போகும். அதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று காலையில் பஸ் ஏறி வீரகேரளம்புதூர் போனேன்.

ஜெஸ்வின் மெலிந்திருந்தான். வாசலில் நாற்காலி போட்டான். சொன்னேன். எல்லாம் சொன்னேன். சொல்லாதே என்று நான்தான் சொன்னேன் என்பதையும்.

 "தெரியும் அத்தை" என்றான்.

"அவ தலகாணி உறைக்குள்ள மாத்திரை அட்டை இருந்துச்சு. ஐப்பசியிலயே பாத்துட்டேன். போன்ல போட்டுப் பாத்தா சுகர் மாத்திரைன்னு வந்துச்சு. கேட்டா கூசிப்போவான்னு கேக்கல. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவன் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. ஜெஸ்வின் பஸ் ஏற்ற வரவில்லை. எப்படி வருவான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரே வீட்டுக்குள்ள அவளும் ஒளிச்சிருக்கா, அவனும் ஒளிச்சிருக்கான். நடுவில நான். ஆண்டவரே, நான்லா.

ஆகஸ்ட் 18, திங்கள்

மறுபடி ஆஸ்பத்திரி. அதே டாக்டரம்மா, அதே சீட்டு எழுதும் பெண்.

"போன தடவை இல்லைன்னு சொன்னேன். உண்டு. என் மூத்த மகளுக்கு. அவளுக்கும் ஏழு வயசுல இப்படித்தான் வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கா?"

"இல்லம்மா."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். மாத்திரையை ஒளித்ததையும் விட்டதையும் சொன்னேன், களியைப் பற்றியும் கேட்டேன். "களியால சுரப்பி முழிக்காது. எடை ஏறினதுல அதுக்கும் பங்கு இருக்கலாம். மாத்திரைய விட்டதுதான் ஆபத்தாப் போச்சு" என்றார். ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கும் வேண்டாம்.

கெசியா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள்.

"அக்காவுக்குக் காய்ச்சல்னுலா சொன்னிய?"

"பொய் சொன்னேன்."

"சுகர்னா சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்."

"யார்ட்ட?"

"எல்லார்ட்டயும்."

கண்டக்டர் வந்தார். நான் டிக்கெட்டுக்குக் கையை நீட்டும்போது, "எங்க அக்காவுக்கு சுகர் இருந்துச்சு, செத்துட்டா" என்று சத்தமாகச் சொன்னாள். முன் சீட்டில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் திரும்பினார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நான் அவள் வாயைப் பொத்தவில்லை.