கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டு

கிள்ளான்
3 மார்ச் 2025

பெர்னிஸின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க இரண்டு பேரும் ஜெபிக்கிறோம். செமினி போதை மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று பாஸ்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால்கூட நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை.

சொன்னதை மறுபடியும் எழுதிவைக்கிறேன், கோபிக்க வேண்டாம். முழுசாக முடித்துவிட்டு வந்தால் கதவு திறக்கும். பாதியில் ஓடிவந்தால் திறக்காது. அடுப்பில் சோறு கொதிக்கும்போதே கேஸ் தோங்கை, முழு சிலிண்டரையே, கழற்றிக்கொண்டு போய் விற்ற ஆளை இன்னொரு தடவை உள்ளே விட எனக்குத் தெம்பில்லை.

இப்போது விஷயம். உங்கள் பழைய காரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. கார் பழுது பார்க்கும் ஃபோர்மன் கிஷன் கையடக்க மெஷினைச் சொருகிப் பார்த்தான். "பீ-0171னு கோட் காட்டுது அக்கா. ஆக்சிஜன் சென்சர் போயிருச்சு, மாத்திரலாம் லா" என்றான். நீங்களும் ஃபோர்மன்தானே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். ஓட்டலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

மற்றபடி வேலைக்குச் சுபாங் ஜெயா போய்ச் சேர்வதற்குள் தலை வெடிக்கிறது. ஹைவே முழுக்க லோரிப் புகை. பெர்னிஸ் பின்சீட்டில் ஏறியதும் தூங்கிவிடுகிறாள், அந்த மட்டில் நிம்மதி.

ஷெர்லி

செமினி
8 மார்ச் 2025

அன்பு ஷெர்லிக்கு,

உன் கடிதத்தை வாங்கியவுடன் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கேஸ் தோங் வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்துக் காட்டினேன். விடிந்ததும் ஜெபம், அப்புறம் கோழிக்கூடு கழுவுவது, மறுபடியும் ஜெபம். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அந்த விளக்குக்கெல்லாமா பயப்படுவது? அவ்வளவு வயதான காரில் அது எரியாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அந்தக் கோட் வந்தால் முக்கால்வாசி சென்சர்தான். கிஷன் சொன்னது சரி, மாற்றிவிடு. அதுவரை தாராளமாக ஓட்டு.

லோரிப் புகைக்கு வழி சொல்கிறேன். கண்ணாடியை முழுசாக ஏற்றிக்கொண்டு ஓட்டு. ஏர்கானில் வெளிக்காற்றை அடைக்கிற பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திவிடு. ஒரு துளிப் புகை உள்ளே வராது.

நீ போட்ட நிபந்தனை மறக்கவில்லை. முடித்துவிட்டுத்தான் வருவேன்.

கிரிகரி

கிள்ளான்
19 மார்ச் 2025

பெர்னிஸின் அப்பாவுக்கு,

சென்சரை மாற்றியாயிற்று. இரண்டே நாளில் அந்த மஞ்சள் விளக்கு திரும்ப வந்துவிட்டது. கோட்டும் அதேதான். "புது சாமான்தான் போட்டேன் அக்கா, எனக்கே புரியல" என்று கிஷன் தலையைச் சொறிகிறான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அடியில் புஸ் புஸ் என்று சத்தம் வருகிறது. சூடானதும் நின்றுவிடுகிறது.

ஆனால் நான் எழுதுவது பெர்னிஸைப் பற்றி. நீங்கள் சொன்னபடியே கண்ணாடியை ஏற்றி, பொத்தானையும் அழுத்தித்தான் ஓட்டுகிறேன். தலைவலி குறையவில்லை. நேற்று தாடிகா பாலர்பள்ளி வாசலில் அவளை எழுப்புகிறேன், எழுப்புகிறேன், எழவே இல்லை. தூக்கி நிறுத்தினால் கால் தள்ளாடியது. அப்படியே வாந்தி எடுத்தாள். முகமெல்லாம் வெளுத்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்ததால் இருக்கும் என்றார். சனி ஞாயிறு வீட்டையே தலைகீழாக்குகிறாள், திங்கள் வந்தால் சுருண்டு விடுகிறாள் என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காத பிள்ளைகளுக்கு வருகிற நோய்தான் என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளைக்கு என்னவோ ஆகிறது. யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

ஷெர்லி

கிள்ளான்
25 மார்ச் 2025

கிரிகரிக்கு,

இதுதான் என் கடைசிக் கடிதம்.

இன்று காலை நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு வந்து கதவை இடித்தீர்கள். "ஷெர்லி, சாவியக் கொடு. கார எடுக்காத" என்று கத்தினீர்கள். சாவி கேட்கும் அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பெர்னிஸ் என் காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். சத்தம் அடங்கியது. வெளியே வந்து பார்த்தால் கார்க் கதவு நெம்பித் திறந்து கிடக்கிறது. முன்மூடி திறந்திருக்கிறது. பேட்டரி இல்லை. "ஒம் புருஷன் பேட்டரியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஓடறத என் கண்ணால பாத்தேம்மா" என்றார் எதிர்வீட்டு நல்லம்மாள் ஆன்டி.

முதலில் கேஸ் தோங், இப்போது பேட்டரி. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நாளைக் காலையில் கிஷன் புது பேட்டரி போட வருகிறான். இந்தக் கடிதத்தையும் அவனிடமே தபாலில் போடக் கொடுத்துவிடுவேன். நீங்கள் இல்லாமலும் இந்த வீடு ஓடும்.

ஷெர்லி

செமினி
25 மார்ச் 2025

ஷெர்லி,

இதைக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறாதே. நின்ற இடத்திலேயே வாசி.

உன் கடிதம் திங்கள் மாலை கிடைத்தது. படித்து முடித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காரின் புகைக்குழாய் எங்கோ கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், குழாயில் இருக்கும் சென்சரைக் குழப்புகிறது, அதனால்தான் விளக்கு. சென்சர் புகார் கொடுத்தது. நாங்கள் ஃபோர்மன்கள் இரண்டு பேரும் புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்டோம். புஸ் புஸ் சத்தம் அந்தக் கிழிசலில்தான் வருகிறது. அதில் கசியும் விஷ வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது காரின் தரை வழியாக உள்ளே ஏறி, வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பெர்னிஸ் தூங்கவில்லை ஷெர்லி, மயங்குகிறாள். கண்ணாடியை ஏற்றச் சொன்னவன் நான். பொத்தானை அழுத்தச் சொன்னவனும் நான்.

பாஸ்டரிடம் போன் கேட்டேன். "மொத மாசத்துல எல்லாருக்கும் வீட்டுல ஒரு அவசரம் வரும் தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனை பொய்களைக் கேட்டிருப்பார். கேட்டைத் தாண்டிக் குதித்து வந்தேன். கதவு திறக்காது என்று தெரிந்தேதான் வந்தேன். சொல்ல வந்ததை நீ கேட்கும் நிலையில் இல்லை. போலீஸ் வந்தால் என்னைக் கொண்டுபோய்விடுவார்கள், அப்புறம் நீ காரை எடுத்துவிடுவாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பேட்டரி என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் திரும்பி வந்தேன். அதை நான் விற்காமல் மடியில் வைத்திருப்பதைப் பார்த்தபிறகுதான் பாஸ்டர் நம்பினார். மாலையிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறார், நீ எடுக்கவில்லை. விடிந்ததும் இதை அவரே நேரில் கொண்டுவருகிறார். அவரையாவது உள்ளே விடு. பிள்ளையின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்.

கிரிகரி

கிள்ளான்
29 மார்ச் 2025

பெர்னிஸின் அப்பாவுக்கு,

பாஸ்டர் வந்தபோது கிஷன் புது பேட்டரியை மாட்டி முடித்துவிட்டான். பெர்னிஸ் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் சாவியைச் சொருகிவிட்டேன். அவர் காருக்குக் குறுக்கே நின்று கடிதத்தை நீட்டினார்.

வாசித்து முடித்ததும் பெர்னிஸைக் காரிலிருந்து தூக்கி இறக்கினேன். கிஷன் காரை மேலே தூக்கிப் பார்த்தான். குழாய் சென்சருக்கு முன்னாலேயே கிழிந்திருந்தது. பெர்னிஸ் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தரை துருப்பிடித்து, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேலே விரிப்பு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கிஷன் அந்த விரிப்பை உருவி வெளியே போட்டான். அப்புறம், "மன்னிச்சிருங்க அக்கா" என்றான். பெர்னிஸை மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், வாய் ஓயவில்லை.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். அன்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "புள்ள செத்துரும் ஷெர்லி" என்று நீங்கள் அழுதீர்கள். அது எனக்குக் கேட்டது. தெளிவாகவே கேட்டது. இதற்கு முன்னால் என் அம்மா பெயரிலும் பெர்னிஸ் பெயரிலும் எவ்வளவு சத்தியம் செய்து அழுதிருக்கிறீர்கள். இதுவும் அப்படித்தான் என்று தாழ்ப்பாளை இன்னும் இழுத்துவிட்டேன். நீங்கள் உண்மை சொல்கிற நாளில் எனக்கு அது தெரியாமல் போகும் என்பதுதான் இப்போது என் பயம். அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

உங்களை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லியிருப்பதாகப் பாஸ்டர் சொன்னார். தொடங்குங்கள். பார்க்க அனுமதிக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம். பெர்னிஸிடம் சொல்லிவிட்டேன். இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஷெர்லி