கூரையில் தொங்கும் கூடை

ஏப்ரல் 11, வெள்ளி

ஹாலந்தின் உத்ரெக்டிலிருந்து பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்கு வந்து சேர்ந்தோம். ஊர் சுற்றப் போகிறோம் என்று என் கணவன் ஜோரிஸ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். ஊராவது சுற்றுவதாவது! நான் வடிவமைத்த முதல் பீர் குவளை, ஒரு வாரமாக இங்கே கொடலீவம்மா நடத்தும் பீர் கடையில் சோதனைக்கு இருக்கிறது. பிடித்திருந்தால் கடை முழுக்க என் குவளை. இல்லாவிட்டால் பழையபடி ஷாம்பு பாட்டிலுக்கு மூடி வரைய வேண்டியதுதான். ஞாயிறன்று முடிவு சொல்வாராம்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பீரில் வெந்த மாட்டுக்கறியை, கடுகு தடவிய ரொட்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டேன். பயம் வேறு, பசி வேறு.

ஏப்ரல் 12, சனி

காலையில் பழைய நாற்காலிகள் விற்கும் கடை. வளைத்த மரத்தில் ஒன்று, ஓர் ஆணிகூட இல்லை. தடவிய கையை எடுக்க மனசு வரவில்லை. ஜோரிஸ் அதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான்.

மாலையில் கொடலீவம்மா கடை. அங்கே மரப்பிடி வைத்த உயரக் குவளையில் குடிப்பவர்கள், அதைத் திருடிக்கொண்டு போகாமலிருக்க, ஒரு ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அது கூடையில் ஏறிக் கூரையில் தொங்கும். குவளை திரும்பி வந்தால்தான் ஷூ இறங்கும். என் குவளையில் குடித்தவர்களோ இரண்டு காலிலும் ஷூவோடு நிம்மதியாக இருந்தார்கள்.

"என் கிளாஸுக்கு ஏம்மா ஷூ வாங்கல?"

"ஹாலந்துக்காரி செஞ்சதாச்சே, ஒழுங்கா அடக்கமா இருக்கு. அத யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

போச்சு. எல்லாம் போச்சு. யாருமே ஆசப்படாத ஒண்ணத்தான் செஞ்சிருக்கேனா?

"திருட்டுப் போகலன்னு அழுவுற ஒரே ஆளு நீதான்டி," என்றான் ஜோரிஸ். நறுக்கென்று கிள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு, காலை

தூக்கமே இல்லை. இந்த ஊரின் ஊதா நிறக் கூம்பு மிட்டாய் ஒரு பொட்டலத்தைத் தின்றே காலி செய்தேன்.

அன்றே மாலை, ரயிலில்

கடைக்குப் போனால் அலமாரியில் என் குவளைகளில் பாதியைக் காணோம். வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார் என்றே நினைத்தேன். சரி, கடைசியாக ஒரு பீராவது குடிப்போம் என்று கேட்டேன். கொடலீவம்மா என் குவளையில்தான் நுரை ததும்ப ஊற்றினார். ஆனால் கையில் தரவில்லை.

"ஷூவக் கழட்டு."

"இது நான் செஞ்ச கிளாஸும்மா!"

"நீ செஞ்சா என்ன, ஆண்டவனே செஞ்சா என்ன? நேத்து நீங்க போனப்புறம் ஒரு கல்யாண கோஷ்டி வந்துச்சு. பாதி கிளாஸ் அவனுங்க கோட்டுப் பைக்குள்ள போயிடுச்சு, படுபாவிங்க! கடை பூராத்துக்கும் வேணும், எப்ப அனுப்புவ?"

அந்தப் படுபாவிகள் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!

இடது கால் ஜில்லென்று இருக்கிறது. ஜோரிஸ் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான். ஷூ கெண்டில், கூடைக்குள். குவளை என் பைக்குள்.