நோன்புக் கஞ்சியும் என் பொறாமையும்

என் கல்பை விட்டு, நெஞ்சை விட்டு இறங்காத மைமூன் லாத்தாவுக்கு,

உன் தங்கச்சியின் சலாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. கப்ருக் குழியில் படுத்துக்கொண்டாவது என்னைக் கேலி செய்வதை நிறுத்து.

உன்மேல் எனக்குப் பொறாமை, லாத்தா. மௌத்தாகி ரெண்டு வருஷமானவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். உன் மகள் சபீனாவுக்குத் தலை வாரிவிட்டு, சீருடை துவைத்து, கக்கூஸ் வாசலில் காவல் நிற்பவள் நான். வயிறு முறுக்கினால் அவள் கூப்பிடுவது உன்னை.

அந்த வலிக்குப் பேர் தெரிந்துவிட்டது. குரோன்ஸாம். குடல் உள்ளே புண்ணாகி வீங்கிக்கொள்ளுமாம். சாப்பாட்டால் வந்தது இல்லை என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னார். பழியை உன் சமையல்மேல் போடலாமென்று இருந்தேன், அதுவும் போச்சு.

முதல் வைத்தியம், டப்பா மாவைக் கரைத்த பால். எட்டு வாரத்துக்கு அதுவும் தண்ணீரும் மட்டும், வேறு ஒரு பருக்கை கூடாது. கேட்காவிட்டால் ஸ்டீராய்டு மாத்திரை. அதில் முகம் ஊதும், நாள்பட்டால் வளர்த்தி குறையும். இல்லையென்றால் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. புண்ணை நன்றாக அடக்கும், ஆனால் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்கிற பிள்ளை, பாலிலேயே அடங்கினால் நல்லது என்றார்.

பதினொரு வயசுப் பிள்ளை, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மூணாவது வாரம் நோன்பு பிறந்தது. சாயங்காலமானால் மேலப்பாளையம் முழுக்கக் கஞ்சி வாசம்.

"உம்மா இருந்தா எனக்கு ஒரு வாய் கஞ்சி தந்திருப்பா," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கே கஞ்சி ஒத்துக்கொள்கிறது, வடிகட்டிக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் உன் பக்குவத்தில் போட்டு, துணியில் வடித்து ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"சாச்சி, உம்மா கஞ்சிய விட இதுதான் நல்லாயிருக்கு."

அவ்வளவுதான், ஜெயித்துவிட்டேன்! பெருநாள் வரைக்கும் தினமும் ஒரு கிண்ணம். பிள்ளை பசிக்கு ஊற்றினேன் என்று பொய் சொல்லமாட்டேன். உன்னைத் தோற்கடிக்க ஊற்றினேன்.

பெருநாள் கழிந்து பரிசோதனைக்குப் போனோம். எடை ஏறவில்லை, வீக்கமும் குறையவில்லை.

"பால் இவளுக்குக் கேக்கல போலிருக்கு. அடுத்த மருந்துக்குப் போயிருவோம்," என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார். சபீனா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"எழுதாதிய டாக்டரம்மா," என்றேன். "பால்மேல குத்தம் இல்ல. நாந்தான் தெனமும் கஞ்சி குடுத்தேன்."

ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பேனாவை மூடினார்.

"கஞ்சியாலதான் அடங்கலன்னு சொல்ல முடியாது. பாலு கேக்கலன்னும் இப்ப சொல்ல முடியாது. இத மறைச்சிருந்தா வேற வழியில போயிருப்போம். முதல்ல இருந்து ஆரம்பிங்க. அப்பவும் அடங்கலன்னா நரம்புல ஏத்துறதுதான், தள்ளிப்போடக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏட்டி, எதுக்குக் கண்ணக் காட்டுன?"

"உங்கள ஏசுவாங்கன்னுதான். இன்னொண்ணு சாச்சி, உம்மா கஞ்சிதான் நல்லாயிருக்கும். நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டிருந்திய, அதான் அப்படிச் சொன்னேன்."

"அடி கள்ளி!" நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்ததுதானா அது?

இப்போது பால் மறுபடி தொடங்கி ரெண்டாம் வாரம். காலையில் அவளோடு நானும் ஒரு தம்ளர் குடிக்கிறேன். என் மூஞ்சி கோணுவதைப் பார்த்துச் சிரித்தபடியே அவளும் குடித்துவிடுகிறாள். நேற்றும் வலி வந்தது, நேற்றும் உன்னைத்தான் கூப்பிட்டாள். அடங்குமா லாத்தா? உனக்கு ஏதாவது தெரியுமா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி அவள் வாய்க்குள் போன எதையும் டாக்டரம்மாவிடம் மறைக்கமாட்டேன். நரம்பில் ஏற்ற வேண்டி வந்தால் பக்கத்தில் நான்தான் உட்காருவேன். ஊசி குத்தும்போது உன்னைக் கூப்பிட்டே கத்தட்டும். அவள் கையை மட்டும் உனக்குத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்குச் சாச்சி, உனக்குத் தீராத தொல்லை,
தங்கச்சி ஜரீனா