பதிவேட்டில் உன் காது

நைனா,

நேற்று உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் எண்ணெய் வாடையோடு ஓர் உருண்டை பஞ்சு வேஸ்ட். திருவொற்றியூர் பட்டறையில் பாய்லர் தகட்டை அடிக்கும்போது காதில் அடைத்துக்கொள்ள உனக்குக் கிடைத்தது அதுதான்.

பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் உட்காதின் படம் பார்த்தேன். அங்கே மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி வந்து அவற்றின் நுண்ணிழைகளைச் சாய்க்கும்போது, நுனியிலுள்ள அயனிக் கால்வாய்கள் கதவு போலத் திறக்கும்; பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும். அப்போதுதான் செய்தி மூளைக்குப் போகும். ஓயாத பேரிரைச்சலில் அந்தச் செல்கள் செத்துவிடும். செத்தவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. உனக்கு நடந்தது இதுதான்.

தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்தாய். வருஷத்துக்கு ஒருமுறை காதுச் சோதனை என்று கம்பெனி கம்பவுண்டர் பதிவேட்டில் குனிந்தபடியே மூன்று கேள்விகளை முணுமுணுப்பார்: பெயர், ஊர், எத்தனை குழந்தைகள். நீ உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாய்; குனிந்திருப்பவரின் உதடு தெரியாது. அதனால் பதில்களை வரிசையாக உனக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். அவர் பேனா நின்றதும் அடுத்த பதில். ஒரு வருஷம் அவர் வரிசையை மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எத்தினி கொயந்தன்னு கேட்டுக்கிறான், நான் கொருக்குப்பேட்டைன்றேன்! பின்னால நின்ன தோஸ்து சொல்லித்தான் தெரியுது. அந்தாளு தலயே தூக்கல. நல்லாகீதுன்னு எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்ட்டான்."

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் கூட்ஸ் யார்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது, பின்னால் வந்த இன்ஜினின் ஹாரன் உனக்குக் கேட்கவில்லை. அங்கேயே போய்விட்டாய். "ஃபுல்லா ஊத்திகினு வந்திருப்பான்" என்றது தெரு. சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காத உன்னை! அம்மாவும் நானும் நஷ்டஈடு கேட்டுக் கம்பெனிக்குப் போனோம். அதிகாரி பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா, வருஷா வருஷம் 'காது நன்று'. அப்புறமும் ஹாரன் கேக்கலன்னா? குடிச்சிருந்தாருன்னுதான் எழுதணும்."

பேசாதே என்று அம்மா என் கையை அழுத்தினாள்.

"அதெல்லாம் நான் சொல்லிக்குடுத்த பதில் சார். எங்க நைனாவுக்குக் காது கேக்காது. உங்க ஆளு ஒரு தடவகூட அவரு மூஞ்சியப் பாக்கல."

"அப்போ எங்கள ஏமாத்துனீங்களா?"

"ஆமா சார். அத எழுதிக்குங்க. குடிச்சாருன்னு எழுதாதீங்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நகல் தர மறுத்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொன்று எழுதிக்கொண்டேன். அது என் பள்ளிப்பையில் இருக்கிறது. உன்னைக் குடிகாரன் என்பவர்களுக்கெல்லாம் எடுத்துப் படித்துக் காட்டுகிறேன். 'என் தந்தை குடித்ததில்லை. அவருக்குக் காது கேட்காது' என்று தொடங்கும். பொய்ப் பதில்களைச் சொல்லிக்கொடுத்தவள் என்று அடியில் என் கையெழுத்து இருக்கிறது, நைனா.