கணக்குப் பரீட்சையும் முதல் விதையும்

எத்தனை தடவை கழுவினாலும் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அக்கா, இந்த வாசனை. பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் பிரட்டி, பஞ்சு பிரிந்து நிற்காதபடி உருட்டிக் காயவைக்கிற வாசனை. புஞ்சையில் அங்கங்கே விழுந்திருக்கும் இடைவெளிகளில் ஊன்றுவதற்காக, மிச்சம் இருந்த விதையை இன்று காலை பிரட்டினேன். முடித்துவிட்டுக் கையை மோந்து பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை.

இந்த வாசனைக் கையோடுதான் நாம் இருவரும் கோவில்பட்டிக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போனோம். மேகம் கூடி வருகிறதென்று அத்தை முந்தின நாளே விதை பிரட்டச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் நான் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஏட்டி, சரஸ்வதி பூசைக்கும் சாணி மெழுகிட்டுத்தான கும்பிடுதோம்? அவ ஒண்ணும் மூக்கப் பொத்த மாட்டா." பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் நம்மை மறித்து, "பிள்ளைய விட்டாச்சுல்லா? பெத்தவிய எல்லாம் வெளிய நில்லுங்க" என்றார். "பெத்தவதான் அண்ணாச்சி எழுத வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு உள்ளே போனீர்கள். அந்த மனிதர் என்னையும் சேர்த்து மேலும் கீழும் பார்த்தார். பாவாடை தாவணிகளுக்கு நடுவில் நம் இரண்டு நூல் சேலைகள்.

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள் என்றால் ஊர் சண்டையைத்தான் எதிர்பார்க்கும். நம் விஷயத்தில் ஊர் ஏமாந்துதான் போனது. நான் பத்தாவதில் இங்கிலீஷும் கணக்கும் போய், அந்த அவமானம் ஆறும் முன்னாலேயே உங்கள் கொழுந்தனுக்குக் கழுத்தை நீட்டியவள். நீங்கள் ஒன்பதாவதோடு நின்றவர். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. உங்கள் அப்பா உங்களைத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டையில் குச்சி அடுக்க அனுப்பிவிட்டு, "அடுத்த வருசம் மழை பேஞ்சா பள்ளிக்கூடம் போலாம் தாயி" என்று சொன்னாராம். அடுத்த வருஷம் மழை பெய்தது. அதற்குள் உங்கள் கூலி வீட்டுக்குப் பழகிவிட்டிருந்தது.

பள்ளிக்கூடம் போகாமலே தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதலாம் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்து, அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீ பாதிக் கெணறு தாண்டி உள்ள விழுந்து கெடக்க. நான் கெணத்துப் பக்கமே போகல. வா, ரெண்டு பேருமாத் தாண்டிருவோம்." தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், லீவுக்கு வந்தபோது நம் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன, கலெக்டராகப் போறியளோ?" என்றார் பெரிய அத்தான். "ஆமா. மனுவத் தூக்கிட்டு மொத ஆளா நீங்கதான் வந்து நிக்கணும்" என்றீர்கள். அவரும் சிரித்துவிட்டார். மறு லீவுக்கு வரும்போது ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை டுட்டோரியலில் எனக்கு விளங்காத கணக்கெல்லாம் புஞ்சையில் களை எடுக்கும்போது உங்களிடம் கேட்டால் விளங்கிவிடும். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்று நான் ஆரம்பித்தால், களைக்கொத்தியை நிறுத்தாமலே, "ரெண்டு ஏபிய விட்டுறாத, அங்கனதான் எல்லாரும் வழுக்குதாவ" என்பீர்கள். கணக்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அது வேப்பங்காய். எல்லாப் பாடமும் எழுத வேண்டிய நீங்கள் கவலையில்லாமல் இருந்ததும், இரண்டே பாடம் எழுத வேண்டிய நான் சோறு இறங்காமல் கிடந்ததும் அதனால்தான். நமக்குப் பொதுவாக இருந்த ஒரே கவலை, தனித்தனி அறையில் உட்காரும் இருவர் ஒரு காம்பஸை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் பரீட்சை எழுதுவது என்பதுதான். அந்தக் கவலைக்கே தேவையில்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை சாயந்திரம் அடித்துப் பெய்தது. ஊரே வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரிசலில் மழை பெய்த கையோடு இறங்க முடியாது, காலை விழுங்கிவிடும். தண்ணீர் இறங்கிப் பதம் வருகிற ஒரு நாள் உண்டு. அதைத் தவறவிட்டால் மண் இறுகி வெடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை புஞ்சைக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு வந்தார். திண்டாட்டம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்குத்தான்ட்டி பதம்" என்றார்.

மறுநாள் கணக்குப் பரீட்சை. நம் வீட்டு வழக்கப்படி முதல் பிடி விதையை மூத்த மருமகள்தான் போட வேண்டும். போட ஆரம்பித்த கையே கடைசி உழவுச் சால்வரை போட்டு முடிக்கவும் வேண்டும். ஏர் மாடு நமக்குக் கிடைப்பது காலை ஒரு வேளைக்கு. மத்தியானத்துக்கு மேல் வேறு வீட்டு முறை.

"நீங்களே போட்டா என்னத்த? அக்கா வாறவரைக்கும் முப்பது வருசமா நீங்க போட்ட விதைதான?" என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மாமா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "தாலி அறுத்த கைட்டி இது. ஊரு ஒத்துக்கிட்டாலும் என் மனசு ஒப்பாது. வெளையாமப் போச்சுன்னா ஆயுசுக்கும் நான்லா சுமக்கணும்? மழையும் பரிச்சையும் ஒண்ணா வந்தா நான் என்ன செய்யட்டும்?" அவரும் அழுதார். கெட்ட மனுஷி இல்லை. அதனாலேயே யாரையும் திட்டித் தீர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போனது.

நீங்கள் அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை என் கையில் வைத்தீர்கள். "போயி நிம்மதியா எழுது. எனக்குக் கணக்கு ஒண்ணுதான நிக்கும், பங்குனியில எழுதிக்கிடுதேன்."

திங்கட்கிழமை பஸ் நம் புஞ்சையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏருக்குப் பின்னால் குனிந்து விதை போட்டுக்கொண்டு போனீர்கள். பஸ் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். நிமிரவில்லை.

நான் பாஸாகிவிட்டேன். உங்களுக்கும் மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்குக்கு நேராக ஆப்சென்ட். அதை விரலால் தொட்டுக்காட்டி, "பெயிலுன்னு போடல பாத்தியா? ஆளு வரலன்னுதான போட்டிருக்கான். நெசந்தான" என்றீர்கள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "மழை பெய்யாம ஒரு தடவ நின்னேன், மழை பேஞ்சு ஒரு தடவ நின்னேன்" என்றீர்கள். அந்த வருஷத்துப் பருத்தியில் பாதியைக் காய்ப்புழு தின்றது. மீதியை எடுக்கும் வேலை பங்குனிப் பரீட்சை நாளில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அத்தை படுக்கையில் விழுந்தார். அதற்குப் பிறகு பாடத்திட்டம் மாறிவிட்டது. "புத்தகம் மாறிட்டாம்லா, நான் மட்டுந்தான் மாறல" என்று அதையும் சிரிப்பாக்கினீர்கள். பிறகு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு கார்த்திகை மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள், அக்கா.

அந்தப் பத்தாவதை வைத்துத்தான் எனக்குப் பால்வாடி வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தை உங்கள் கையில் கொடுக்க நீங்கள் இருந்தீர்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், இந்த நாற்காலியில் கணக்குத் தெரிந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இன்றுவரை தோன்றுகிறது.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டுக்கு இப்போது மூத்த மருமகள், உங்கள் மகன் கட்டிக்கொண்டு வந்த பெண். பிளஸ் டூவில் ஒரு பாடம் நின்றுபோனதை மறுபடியும் எழுதுகிறாள். புரட்டாசிக் கடைசியில் மழை பெய்தது. பதம் பார்த்தேன். விதைக்கிற நாள் அவள் பரீட்சையன்றுதான் விழுந்தது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கையில் மண்ணோடு நின்றேன்.

"நான் போகல சின்னத்தை, அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றாள். உங்கள் வார்த்தை, உங்கள் வாயிலிருந்து வருவது போலவே.

"அடுத்த தடவைன்னு ஒண்ணு கெடையாதுட்டி. நீ பரிச்சைக்குப் போ. வெதைய நான் போடுதேன்" என்றேன்.

அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். உங்கள் கொழுந்தன் போய் மூன்று வருஷம் ஆகிறது. "ஊரு என்ன சொல்லும் சின்னத்தை?"

"சொல்லட்டும். வெளையலன்னா நான் சுமந்துக்கிடுதேன்."

அவளை பஸ் ஏற்றிவிட்டுப் போய் முதல் பிடியிலிருந்து கடைசிச் சால்வரை நானே போட்டேன். உழுதவர் தன் பாட்டுக்கு ஏரை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்துப் புஞ்சைக்காரி மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்று போய்ப் பார்த்தேன். சால் தவறாமல் இரட்டை இலை விட்டு நிற்கிறது. எல்லார் புஞ்சையிலும் விழுகிற மாதிரி அங்கங்கே நாலு இடைவெளி. அவ்வளவுதான். சந்தோஷப்பட வேண்டியவள் வரப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அன்றைக்கு அத்தை கையால் போட்டிருந்தாலும் முளைத்திருக்கும், அக்கா.