பலா மரத்தில் ஐந்து மொட்டு

21-ஆம் வட்டம், நெய்வேலி
19.2.2016

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கொல்லைப் பலா மரம் மூவரும் சௌக்கியம். நான்காவதாக ஒருவர் நேற்றுக் காலை வந்திருக்கிறார். அவருக்காகத்தான் இந்தக் கடிதம். உன் நம்பருக்குப் பதினோரு தடவை போட்டுப் பார்த்தேன். நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று அந்தப் பெண் மூன்று பாஷையில் சொல்கிறாள். மலை முகாமில் சிக்னல் கிடையாது என்று நீ ஒரே பாஷையில் சொன்னபோதே கேட்டிருக்கலாம். அதனால் ஸ்பீடு போஸ்ட்.

பாப்பா, நீ பலா மரத்தில் கட்டிவிட்டுப் போன ஆர்க்கிட் செடி, உன் டெண்ட்ரோபியம், பூத்துவிட்டது.

மொத்தம் ஐந்து மொட்டு. இரண்டு திறந்திருக்கிறது. கடைசி மொட்டு இன்னும் அரிசி அளவுதான். நான் எதையும் தொடவில்லை. பூவைக் கெடாமல் போட்டு வைக்க நீ கொடுத்த ஸ்பிரிட் பாட்டில் ரெடியாக இருக்கிறது, ஆனால் முப்பது வருஷம் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் உருளை மாற்றிய கை இது. பூவைக் கிள்ளச் சொன்னால் கிளையோடு வரும்.

வெள்ளைப் பூ, ஓரத்தில் லேசாக ரோஸ். உதடு என்று நீ சொல்லும் இதழின் நடுவில் மஞ்சளாகக் குட்டித் தாடி. பின்னால் மோவாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே பேர் வைத்த இரண்டு இனத்தில் இது ஒன்றா, இல்லை யாரும் பேர் வைக்காத மூன்றாவதா என்று அந்தத் தாடியையும் மோவாயையும் அளந்தால்தான் தெரியும் என்றாய். பங்குனிக்குள் பூ கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார் உன் கைடு என்று பொங்கலன்று போனில் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு.

நானும் விஞ்ஞானிதான், மறந்துவிடாதே. பத்தாம் வகுப்பில் பூவின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னதற்கு ஆண் பாகத்தையும் பெண் பாகத்தையும் ஒரே தண்டாக வரைந்து வைத்தேன். வாத்தியார் முட்டி போட வைத்தார். ஆர்க்கிட்டில் இரண்டும் ஒட்டி ஒரே தூணாகத்தான் இருக்கும் என்று நீ சொன்ன அன்றுதான் தெரிந்தது, நான் வரைந்தது சரி, வாத்தியார் கேட்ட பூதான் தப்பு.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் இது பூக்காததற்குக் காரணம் நான்தான்.

செடியை மரத்தில் கட்டிவிட்டுப் போகும்போது ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தாய் இல்லையா? கண்ணில் படட்டும் என்று அதைக் கொல்லைக் கதவில் சோற்றுப் பசை தடவி ஒட்டினேன். வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளிக்கவும் என்று தினம் படித்தேன். பின்பக்கமும் நீ எழுதியிருப்பாய் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. கார்த்திகையில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. பிள்ளை நம்பி விட்டுப்போன செடி சாகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றினேன். பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடியாக வந்தது. அதைப் போட்டோ எடுத்துப் பெருமையாக வேறு அனுப்பினேன். "நல்லா இருக்குப்பா" என்று ஒரு வரி போட்டாய். திட்டியிருக்கலாம்.

இந்த வருஷம் மழை விட்டதும் மறுபடி இலை உதிர்ந்தது. நான் குழாயைத் தேடினால் காணோம். உன் அம்மா சுருட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். சொம்பில் மொண்டு போனேன். கையும் சொம்புமாகப் பிடித்தாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புள்ள மேல இருக்கிற கோவத்தைச் செடி மேல காட்டாதே பிரபா என்று கத்தினேன். செடி மேல எனக்கென்னங்க கோவம் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கோபம் இருக்காதா என்று நான் நினைத்ததில் தப்பில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வேன் வைத்துப் பெண் பார்க்க வந்தார்கள். காட்டில் பூ திறந்துவிட்டது, நாலு நாளில் உதிர்ந்துவிடும் என்று ஃபாரஸ்ட் கார்டு போன் பண்ணினார் என நீ விடியற்காலை பஸ்ஸிலேயே பொள்ளாச்சிக்குப் போய்விட்டாய். பதினாலு பேர் நடுவில் கேசரித் தட்டோடு நின்றவள் அவள். நீ போய்ச் சேர்வதற்குள் அங்கே பூவும் உதிர்ந்துபோனது. அனுமதி வாங்கி வெறும் செடியோடு நீ திரும்பி வந்தபோது, இனிமே காடே உனக்கு வூடு என்று சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் என் வழியாகத்தான் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறீர்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

நேற்றுப் பூவைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாவாடை அண்ணன் வந்தார். இதுக்காய்யா இவ்ளோ ஆர்ப்பாட்டம், முருங்கைப் பூ மாதிரில்ல இருக்குது என்றார். நான் விளக்கினேன். காண்ட்ராக்ட் ஆளும் பர்மனென்ட் ஆளும் ஒரே பெல்ட்டில் ஒரே கரித்தூளில்தான் நிற்கிறார்கள், வெளியாளுக்கு வித்தியாசம் தெரியுமா, பதினேழு வருஷம் காண்ட்ராக்டில் கிடந்த என்னைக் கேட்டால் தெரியும், அது மாதிரி என்றேன். பாதி புரிந்த மாதிரி தலையாட்டினார்.

அப்போது உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, அண்ணே, முருங்கைக்கு ஏது மோவாய், இதுக்குப் பின்னால நீட்டிக்கினு இருக்குது பாருங்க, தாடி மயிரு எவ்ளோ தூரம் இறங்கியிருக்குதுன்னு பார்த்துதான் பேரே வைப்பாங்க என்றாள். பாவாடை அண்ணன் போன பிறகும் நான் பிளந்த வாயை மூடவில்லை. மோவாய் என்று இவளுக்கு யார் சொன்னது?

ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து உன் தாளை எடுத்துக் காட்டினாள். மழையில் கதவு ஊறி அது கழன்று விழுந்திருக்கிறது. காய வைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருக்கிறாள். பின்பக்கத்தில் நீ பூவின் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறாய். அதற்கு மேலே, "இலை உதிர்ந்தால் பயப்படாதே அப்பா. சாகவில்லை. பூ வரும் வரை தண்ணீரே ஊற்றாதே" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதை அவள்தான் படித்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்க கேக்கலியே என்றாள்.

இன்று காலை, பூ எத்தனை நாள் நிக்கும் என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும், பத்து நாள் என்றேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, அந்த மலைக்குத் தபால் போக எத்தனை நாள் என்றாள். நான் கூப்பிட்டதாக மட்டும் எழுதாதீங்க என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஆகையால் எழுதவில்லை.

பூவுக்கு வெயில் படாமல் அவளுடைய பழைய குடையைக் கிளையில் கட்டியிருக்கிறாள். கடைக்குப் போய் அரைக் கிலோ ரவை, முந்திரி, நெய் வாங்கி வந்திருக்கிறாள். பயப்படாதே, பெண் பார்க்க யாரும் வரவில்லை. சேத்தியாத்தோப்பு வரை விசாரித்துவிட்டேன்.

உன் தாடிக்காரன் மூன்றாவது ஆளாகவே இருக்கட்டும். இல்லையென்றாலும் குறைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வை. ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது வடலூரில் இறங்கலாம். நான் வண்டியோடு நிற்பேன்.

உன் அப்பா,
கலியமூர்த்தி